வாசகர் கேள்வி: லஞ்சம் பெருகினால் கார்பன் குறையுமா?

மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"ஐயா, வணக்கம். 2015 புகைமூட்டத்தின்போது என் மகனுக்கு ஒன்பது வயது. இளைப்பு உள்ள பிள்ளை. வாரக்கணக்கில் சன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, நெபுலைசரும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். இப்போது அவன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறான். போன வாரம் சாப்பிடும்போது, 'அம்மா, ஊழல் அதிகமுள்ள நாட்டில் மொத்தத்தில் கார்பன் உமிழ்வு குறைவாம், ஆய்வே இருக்கு' என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. இது உண்மையா? என் மாமியார் வீடு பொந்தியான் பக்கம். அங்கே வாசல் படிக்கட்டு வருஷா வருஷம் தரையை விட்டு மேலே போகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்கிறான். அப்புறம், என்னைப் போன்றவள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? பாமாயில் வாங்குவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் உழைத்து எங்களை வளர்த்தவர். மனம் ஒப்பவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் மகனை, அந்தத் தம்பியை, கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. மேத்யூ கோல் என்ற பொருளியல் ஆய்வாளர் 94 நாடுகளின் 1987 முதல் 2000 வரையிலான புள்ளிவிவரத்தை எடுத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. தம்பி படித்தது அதுவாகவோ அதன் வழியில் வந்த இன்னொன்றாகவோ இருக்கும். ஊழல் இரண்டு வழியாகக் காற்றைத் தொடுகிறது என்கிறது அந்த ஆய்வு. ஒன்று நேர்வழி. லஞ்சம் புகுந்த இடத்தில் சட்டம் தளரும், சோதனை பெயருக்கு நடக்கும், கந்தக டையாக்சைடும் கரியமில வாயுவும் கூடும். இன்னொன்று சுற்றுவழி. ஊழல் நாட்டின் வருமானத்தைக் கெடுக்கும். வருமானம் குறைந்தால் ஆலையும் காரும் மின்சாரமும் குறையும், அதோடு புகையும் குறையும். இரண்டையும் கூட்டிக் கழித்தால், மிகப் பணக்கார நாடுகள் தவிர மற்ற இடங்களில் சுற்றுவழியின் கை ஓங்கி நிற்கிறது. தம்பி மேசையில் சொன்னது இந்தக் கடைசி வரியை மட்டும்.

சம்பளம் வராத மாதத்தில் வீட்டு மின் கட்டணமும் குறைவாகத்தான் வரும். அதைச் சிக்கனம் என்று எந்தக் குடும்பமும் சொல்லிக்கொள்வதில்லை. வறுமையால் குறைந்த புகையை ஊழலின் வரவுக் கணக்கில் எழுதுவதும் அப்படித்தான். அந்த ஆய்வேகூட லஞ்சத்துக்கு நற்சான்று தரவில்லை. நேர்வழியில் அது கெடுதல்தான் செய்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் தம்பி கவனிக்க வேண்டியது இதைவிட முக்கியமான ஒன்று. இப்படி நாட்டுக்கு நாடு ஒப்பிடும் ஆய்வுகளில் 'கார்பன் உமிழ்வு' என்ற தலைப்பின்கீழ் வரும் எண் பெரும்பாலும் எதைக் குறிக்கிறது? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதையும் சிமெண்ட் உற்பத்தியையும்தான். காடு அழிவதாலும் கரிமண் (மட்காத இலையும் மரமும் சேர்ந்த சதுப்பு மண்) எரிவதாலும் வருவது அதில் சேர்வதில்லை. 2015-ல் உங்கள் சன்னலுக்கு வெளியே வாரக்கணக்கில் நின்றதே இந்தோனேசியத் தீயின் புகை, அந்தத் தீயின் கார்பனில் ஒரு கிலோகூட அந்தக் கணக்கில் இல்லை. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு 26 லட்சம் ஹெக்டேர். அதிலிருந்து மேலே போனது 175 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று உலக வங்கியின் அறிக்கை குறிப்பிட்டது. அதே ஆண்டு அந்த நாட்டின் வண்டிகள், ஆலைகள், மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்து எரிபொருளிலிருந்து விட்டது சுமார் 50 கோடி டன். அதாவது கணக்கில் வந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் கணக்குக்கு வெளியே நின்றது.

நம் வட்டாரத்தில் லஞ்சம் மிகத் தடித்து ஓடுவது நிலத்தில்தான். நிலத்தை விட்டுவிட்டுக் கார்பனை எண்ணினால் ஊழல் நல்லபிள்ளையாகத்தான் தெரியும்.

நிலத்தில் லஞ்சம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தூரம் போக வேண்டாம். உங்களுக்கு மலாக்கா நீரிணையின் அக்கரையில் இருக்கும் இந்தோனேசியாவின் ரியாவு மாநிலமே போதும். 1998-லிருந்து 2014 வரை அதை ஆண்ட மூன்று ஆளுநர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். முதலாமவர் சாலே ஜாசிட். அவர் மீதான வழக்கு தீயணைப்பு வண்டிகள் வாங்கியதில் நடந்த முறைகேடு. வருஷா வருஷம் தீப்பிடிக்கும் மாநிலத்தில் தீயணைப்பு வண்டியிலேயே கைவைத்திருக்கிறார்கள். இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இரண்டாமவர் ருஸ்லி ஜைனால், காட்டு அனுமதிகளும் விளையாட்டரங்க லஞ்சமும் சேர்ந்த வழக்கில் 2014-ல் 14 ஆண்டு. மூன்றாமவர் அன்னாஸ் மாமுன். இவருடைய வழக்கைச் சற்று நின்று பார்க்கலாம்.

அன்னாஸ் 2014 பிப்ரவரியில் பதவியேற்றார். ஏழே மாதத்தில், செப்டம்பர் 25 அன்று, ஜகார்த்தாவை ஒட்டிய ஒரு வீட்டில் இந்தோனேசியாவின் ஊழல் ஒழிப்பு ஆணையம் அவரைப் பணத்தோடு பிடித்தது. 1,56,000 சிங்கப்பூர் டாலர், கூடவே 50 கோடி ரூப்பியா. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 200 கோடி ரூப்பியா. எதற்காக? மாநிலத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடம் அப்போது திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. 'காடு' என்று குறித்திருந்த சில இடங்களைக் 'காடல்லாத நிலம்' என்று மாற்றினால் அங்கே செம்பனை சட்டப்படியானதாகிவிடும். அப்படி மாற்றக் கேட்ட பரப்பு சுமார் 2,500 ஹெக்டேர்.

வகுத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு 8 லட்சம் ரூப்பியா. அன்றைய மதிப்பில் 200 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். உங்கள் வீட்டு நெபுலைசருக்கு நீங்கள் கொடுத்த விலையும் கிட்டத்தட்ட அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பணம் யாரையும் மரம் வெட்டச் சொல்லவில்லை, தீ வைக்கவும் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தத்தான் கொடுத்தார்கள். கோடு நகர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் சட்டப்படி நடக்கும். அனுமதி கிடைக்கும், வங்கிக் கடன் கிடைக்கும், கால்வாய் வெட்டும் இயந்திரம் உள்ளே போகும். அதே மாநிலத்தின் பெலலாவான் மாவட்டத்தில் அதற்கும் முன்பே இதுதான் நடந்தது. அங்கே பூப்பாத்தியாக, அதாவது மாவட்டத் தலைவராக இருந்த தெங்கு அஸ்முன் ஜாஃபார், உறவினர் பேரிலும் தன் ஆட்கள் பேரிலும் நிறுவனங்கள் தொடங்கவைத்து அவற்றுக்குக் காட்டு அனுமதி கொடுத்தார். 2008-ல் அவருக்கு 11 ஆண்டு தண்டனை விழுந்தது.

தம்பி பொருளாதாரம் படிப்பதால் இதையும் பார்க்கட்டும்: ராபின் பர்ஜெஸ், பெஞ்சமின் ஓல்கன் முதலியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தோனேசியக் காடுகளை மாவட்டவாரியாக அளந்தார்கள். அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி போனபின் மாவட்டங்கள் பிரிந்து பெருகப் பெருகக் காடழிவும் பெருகியிருந்தது. கையெழுத்துப் போடும் மேசைகள் கூடினால் போட்டியில் விலை இறங்கும், விலை இறங்கினால் சரக்கு அதிகம் போகும். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொரு முடிவு. வெட்டவே கூடாத பாதுகாப்புக் காடுகளில் உள்ளூர்த் தேர்தலுக்கு முந்தைய ஆண்டுகளில் வெட்டு எகிறியிருந்தது. தேர்தல் செலவைக் காடு கட்டியிருக்கிறது.

சரி, கோடு நகர்ந்த பிறகு மண்ணுக்கு என்ன ஆகிறது? மண் ஆய்வு என் தொழில், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊரில் 'தானா கம்புட்' என்பார்கள். நான் கரிமண் என்று எழுதுகிறேன். இலையும் வேரும் மரமும் தண்ணீரில் ஊறியபடி மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. ரியாவில் மண் எடுக்கப் போனபோது துளைக்கருவியை இறக்குவோம். அரை மீட்டர் கோல்களை ஒன்றோடொன்று பூட்டிப் பூட்டி இறக்கிக்கொண்டே போக வேண்டும். ஐந்து மீட்டர் போயும் அடியில் களிமண் தட்டாத இடங்கள் உண்டு. மேலே இழுத்ததும் ஒரு பிடி எடுத்து முஷ்டியில் பிழிவோம். விரலிடுக்கில் வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மண் இன்னும் மட்கவில்லை, கார்பன் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. குழம்பாக வழிந்தால் சிதையத் தொடங்கிவிட்டது. கால்வாய் வெட்டிய நிலத்தில் மேல் அடுக்கு அப்படித்தான் குழகுழவென்று வழியும். கால்வாயில் தண்ணீர் கோப்பி-ஓ, அதாவது பால் விடாத காப்பி, நிறத்தில் ஓடும். நிலத்தைக் காக்க வேண்டிய தண்ணீர் அது.

தண்ணீர் இறங்கினால் காற்று நுழையும். காற்று நுழைந்தால் மண் சிதைந்து கரியமில வாயுவாக மேலே போகும். தீயே வைக்காவிட்டாலும் இது நடக்கும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அறிவியல் குழு 2013-ல் கொடுத்த கணக்குப்படி, வடிகால் வெட்டிய கரிமண்ணில் உள்ள செம்பனைத் தோட்டம் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரியமில வாயு விடுகிறது. இந்தியாவில் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 2 டன் அளவில் விடுகிறார். ஆக, ஒரு ஹெக்டேர் கரிமண் இருபது பேருக்குச் சமம், ஒவ்வோர் ஆண்டும். இனி தீப்பிடித்தால் அது தரைக்கு அடியில் ஓடும். ஒரு நாள் எரிந்த இடத்தின் ஓரத்தில் நின்றபோது காலணியின் அடிப்பாகம் சுட்டது. கண்ணுக்குத் தீ எங்கும் தெரியவில்லை. பத்தடி தள்ளி ஒரு வேரின் பக்கத்திலிருந்து நூல்போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போய்ச் சேராது. மழைதான் அணைக்க வேண்டும். அதனால்தான் மழையைக் குறைக்கும் எல் நினோ வந்த 2015-ல் நீங்கள் அத்தனை வாரம் சன்னலை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

அன்னாஸ் மாமுனுக்கு 2015-ல் ஆறு ஆண்டு தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் ஏழானது. 2019-ல் அதிபர் ஓராண்டு குறைத்தார், 2020 செப்டம்பரில் வெளியே வந்துவிட்டார். மனிதனுக்கான தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. வடிந்த கரிமண்ணுக்கு அப்படித் தேதி இல்லை. கால்வாயை அடைத்துத் தண்ணீரை ஏற்றும்வரை அது விட்டுக்கொண்டே இருக்கும். லஞ்சத்தை வெறும் பணக் குற்றமாக மட்டும் பார்க்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான். கருவூலத்தில் போன பணத்தைப் பறிமுதல் செய்து மீட்கலாம். போன மண்ணை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர முடியாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா அழிவுக்கும் லஞ்சம் காரணமில்லை. உங்கள் மாமியார் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜொகூரின் கரிமண் நிலங்கள் விவசாய மேம்பாட்டுக்காக அரசே திட்டம் போட்டு வடிகால் வெட்டியவை. அன்னாசியும் செம்பனையும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அந்தக் காலத்தில் கார்பனைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நேர்மையான அரசும் தவறான இடத்தில் கால்வாய் வெட்டலாம். ஆனால் நேர்மையான அரசிடம் தவறைக் காட்டினால் திருத்த வழி இருக்கும். வரைபடக் கோட்டை விலைக்கு விற்ற அரசிடம் அந்த வழி அடைபட்டிருக்கும். ஏனென்றால் தவறு அங்கே ஒருவருடைய வருமானம்.

'ஊழலைக் குறைத்தால் சுற்றுச்சூழல் உண்மையிலேயே தேறுமா?' என்று தம்பி அடுத்துக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் குஜராத்தில் இருக்கிறது. அங்கே ஆலைகளின் புகையை வெளித் தணிக்கையாளர்கள் அளந்து அறிக்கை தர வேண்டும். ஆனால் அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் கூலி கொடுத்ததும் அந்த ஆலையே. எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து அதைச் சோதித்தார்கள். பழைய முறையில், தூசுத்துகள் வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகளே என்று தணிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். சுயேச்சையாகப் போய் அளந்தபோது 59 சதவீதம். பொய் எழுதியவர்களின் எண்களைப் படமாகப் போட்டால், வரம்புக்குச் சற்றுக் கீழே ஒரே குவியலாக நிற்கும். இயற்கையில் எந்தப் புகைக்கூண்டும் அவ்வளவு ஒழுங்காகப் புகை விடாது. பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள், சிலவற்றை மறுபடி போய் அளந்து சரிபார்த்தார்கள். அறிக்கைகள் உண்மை பேசத் தொடங்கின. ஆலைகளும் புகையைக் குறைத்தன. ஆலைகள் அதே ஆலைகள், சட்டமும் அதே சட்டம். தணிக்கையாளரை யார் அனுப்புகிறார், யார் கூலி கொடுக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்பது மட்டும்தான் மாறியது. 2015-ல் அந்த மாநிலம் தன் விதியையே அதற்கேற்பத் திருத்திக்கொண்டது.

புகையாவது கண்ணுக்குத் தெரியும், கரியமில வாயு தெரியாது. அதனால் கார்பன் விஷயத்தில் அளப்பவரின் நேர்மையே எல்லாம். இந்தோனேசிய ஊழல் ஒழிப்பு ஆணையமே 2015-ல் ஒரு கணக்குப் போட்டது. 2003 முதல் 2014 வரை இயற்கைக் காடுகளில் வெட்டிய மரத்தில் 77 முதல் 81 சதவீதம் அரசுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. ஐந்து மரத்தில் நான்கு ஏட்டில் இல்லாத நாட்டில், அந்த ஏட்டை நம்பி யார் கார்பன் கணக்குப் போட முடியும்?

இனி உங்கள் கேள்வி: நான் என்ன செய்யலாம்?

பாமாயிலை நிறுத்த வேண்டாம். ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெயை சோயாவோ சூரியகாந்தியோ தராது. நீங்கள் மாறினால் வேறெங்கோ இன்னும் அதிக நிலம் போகும். உங்கள் அப்பா உழைத்த பயிரின் மேல் குற்றம் இல்லை. அது எந்த மண்ணில், யார் கையெழுத்தில் நடப்பட்டது என்பதுதான் வழக்கு.

நீங்கள் செய்யக்கூடியது வரைபடத்தைக் கேட்பது. எந்த நிலம் எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ற எல்லைகள் திறந்து கிடந்தால் கோட்டை இரவோடு இரவாக நகர்த்துவது கடினம். இந்தோனேசியாவில் செம்பனை நில உரிமைப் பதிவுகளை வெளியிடச் சொல்லி 2017-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதன் பிறகும் அரசு கொடுக்க மறுத்தது. அந்த ஒரு தாளுக்காக எவ்வளவு முட்டுக்கட்டை என்று பாருங்கள், அதன் மதிப்பு புரியும். உங்கள் பக்கத்தில், மலேசியாவில் பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழில் யோசித்து மலாயில் ஒரு பக்கம் எழுதினால் போதும். கரிமண் எவ்வளவு ஆழம், தண்ணீர் மட்டம் எவ்வளவு இறக்கப்படும், கால்வாயை யார் பராமரிப்பார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். எழுத்தில் கேட்ட கேள்வி கோப்பில் உட்காரும். நாளைக்கு யாராவது விசாரித்தால் அது சாட்சி.

புகைமூட்டக் காலம் வந்தால் தம்பி 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம், இலவசம்தான். நாசாவின் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகள் அதில் தேதியோடு வரும். கீழே இருக்கும் எந்த அதிகாரியும் அந்தப் புள்ளியை அழிக்க முடியாது. இதைப் பற்றி அவர் கட்டுரை எழுதுவதானால் ஒன்று சொல்வேன்: அந்த ஆய்வின் சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நிலப்பயன்பாட்டு உமிழ்வையும் கார்பன் எண்ணோடு சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். விடை எப்படி வந்தாலும் அது அவருடைய சொந்த விடை. விரிவுரையாளரும் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அந்தப் படிக்கட்டு. சம்பந்தம் உண்டு. வீடு ஆழமாக நட்ட மரத்தூண்களின் மேல், அடியிலுள்ள களிமண்ணைப் பிடித்து நிற்கிறது. அதனால் வீடு அசையவில்லை, தரைதான் கீழே போகிறது. மேற்கு ஜொகூரிலேயே பல பத்தாண்டுகள் அளந்து பார்த்ததில், வடிகால் வெட்டிய ஆரம்ப ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவிலும் நிலம் இறங்கியது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 13 டன் கரியமில வாயு போயிற்று என்று அந்த ஆய்வு கணித்தது. அடுத்த முறை பொந்தியான் போகும்போது ஓர் அளவு நாடா எடுத்துப் போங்கள். கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு என்று தம்பி அளக்கட்டும், படி கட்டிய வருஷத்தை மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். அந்த வீட்டைச் சுற்றி எவ்வளவு போயிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.